வாசகர் கேள்வி – பதில்: சாந்தோமுக்கு எந்த வழியாகப் போவது?

சென்ற இதழில் மயிலாப்பூரைப் பற்றி எழுதியபோது சாந்தோம் பேராலயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பாளையங்கோட்டையிலிருந்து என் பெற்றோர் மே மாத விடுமுறைக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. சாந்தோம், பரங்கிமலை, சின்னமலை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, அம்பத்தூர்

முடியும். மே மாதத்தைத் தவிர்க்கலாமே என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பதால், வெயிலுக்கு முன்னால் ஓடிவிடும் வழியைச் சொல்கிறேன்.

இந்த மூன்று இடங்களும் ஒரே வரலாற்றின் மூன்று கட்டங்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் வந்திறங்கினார், பின்னர் மயிலாப்பூர்ப் பக்கம் வந்து போதித்தார், தம்மைத் தேடியவர்களிடமிருந்து தப்பிச் சின்னமலைக் குகையில் மறைந்திருந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு கி.பி. 72இல் உயிர் துறந்தார், கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கத்தோலிக்க மரபு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சாந்தோமில் தொடங்கி, மெரினாவில் சுண்டல் சாப்பிட்டு, நேரம் மிஞ்சினால் பரங்கிமலைக்குப் போகிறார்கள். அதாவது கல்லறையை முதலிலும் மரணத்தைப் பிறகும் பார்க்கிறார்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு நீங்கள் சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் என்ற வரிசையில் போங்கள். வெயிலின் கணக்கும் இதே வரிசைக்குத்தான் ஒத்துவருகிறது. மலைகள் காலையில் முடிந்துவிடும். கூரையும் மின்விசிறியும் உள்ள பேராலயம் பிற்பகலுக்கு மிஞ்சும்.

சின்னமலைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மெட்ரோவின் சின்னமலை நிலையத்திலிருந்து பக்கம்தான். போர்ச்சுகீசியர் 1551இல் கட்டிய ஆரோக்கிய அன்னையின் பழைய சிறு கோவிலும், அதை ஒட்டி எழுந்த வட்ட வடிவப் புதிய கோவிலும், குகையும், பாறையில் ஊறும் சுனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குகைக்குள் குனிந்து போக வேண்டும் என்பதால் அம்மா வெளியிலேயே உட்கார்ந்து செபமாலை சொல்லட்டும்; பிள்ளைகள் உள்ளே போய்வந்து அவரிடம் வர்ணிப்பார்கள்.

அங்கிருந்து மெட்ரோவிலேயே பரங்கிமலைக்குப் போகலாம். சின்னமலை நீல வழித்தடத்திலும் பரங்கிமலை பச்சை வழித்தடத்திலும் இருப்பதால் ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும். பரங்கிமலை நிலையம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது என்று எண்ணி நடக்கத் தொடங்கிவிடாதீர்கள், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் 'மலை மேல' என்று முதலிலேயே பேசிக்கொள்வது முக்கியம். மலைக்குப் பின்புறமாக வாகனப் பாதை உச்சிவரை போகிறது. பேசாவிட்டால் படிக்கட்டின் கீழே இறக்கிவிட்டுப் போய்விடுவார். படிகள் 130க்கும் மேல். ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தர்களுக்காகத் தம் சொந்தச் செலவில் அமைத்த படிகள் இவை. மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடப்பதற்காகச் சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. இன்றைய மறைமலை அடிகள் பாலம் அந்தப் பழைய மார்மலாங் பாலத்தின் இடத்தில்தான் நிற்கிறது. அண்ணா சாலையை நாம் இன்னும் மவுண்ட் ரோடு என்று சொல்கிறோமே, அந்த மவுண்ட் இந்தப் பரங்கிமலைதான். அப்பாவுக்குத் தெம்பிருந்தால் வாகனத்தில் மேலே போய்விட்டு, இறங்கும்போது மட்டும் படிகளில் வரட்டும்.

மேலே இருப்பது போர்ச்சுகீசியர் 1523இல் எழுப்பிய எதிர்பார்ப்பு அன்னையின் கோவில். அளவில் மிகச் சிறியது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும், அவசரப்படாதீர்கள். பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கும் கற்சிலுவைதான் இம்மலையின் உயிர். 1547இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லைச் சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துக்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது அச்சிலுவையில் இரத்தம் துளிர்த்தது என்றும், 1704வரை பலமுறை அவ்வாறு நேர்ந்தது என்றும் கோவிலின் பதிவுகள் கூறுகின்றன. தோமையார் தம்முடன் கொண்டுவந்தார் என்றும் நற்செய்தியாளர் லூக்கா தீட்டினார் என்றும் மரபு கூறும் அன்னையின் படமும் இங்கே இருக்கிறது. வெளியே வந்தால் நகரமே காலடியில் விரிகிறது. விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். இந்திய நிலப்பரப்பை அளக்கும் மாபெரும் பணியின் ஆதாரமான முதல் அளவுக்கோடு ஒன்றை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் இம்மலையடியிலிருந்துதான் அளக்கத் தொடங்கினார்; அவருடைய சிலையும் மேலே இருக்கிறது.

பத்தரை மணிக்குள் மலையை விட்டு இறங்கி, சாப்பிட்டு, பெற்றோரை இரண்டு மணிநேரமாவது படுக்கவையுங்கள். சாந்தோமுக்கு நான்கு மணிக்கு மேல் போனால் போதும். ரயிலில்தான் போக வேண்டுமென்றால் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கலாம்; அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வயதானவர்களோடு இந்த ஏற்ற இறக்கமெல்லாம் வேண்டாம், வாடகைக் காரே நல்லது என்பது என் கருத்து. அப்பா களைத்துப்போனால் சாந்தோமை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். மூன்றையும் பார்த்தோம் என்று ஊரில் சொல்வதற்காகக் கல்லறைமுன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஓடுவதை அவரே விரும்பமாட்டார்.

நாங்கள் இந்துக் குடும்பம். சாந்தோம் கோவிலுக்குள் எல்லோரும் போகலாமா? உள்ளே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தெரியாததால் பலமுறை வாசலோடு திரும்பியிருக்கிறோம்.
– வாசகர், மேற்கு மாம்பலம்

தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் உங்களிடம் மதம் கேட்கமாட்டார்கள். நீங்கள் அதைக் 'கோவில்' என்று எழுதியிருப்பதே சரியான தொடக்கம். தமிழ்க் கத்தோலிக்கர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது கோவில் என்றும் பூசை என்றும்தான் சொல்கிறார்கள். தேவாலயம், திருப்பலி என்பவை எழுத்தில் வரும் சொற்கள்.

திருப்பலி நடக்கும் வேளையில் நுழைந்தால் பின்வரிசைப் பெஞ்சில் அமருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்து நின்றால் அது மரியாதை. முழந்தாளிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, அமர்ந்தே இருக்கலாம். திருப்பலியின் பிற்பகுதியில் எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிச் சென்று நற்கருணை வாங்குவார்கள். அதைப் பிரசாதம் என்று எண்ணி வரிசையில் சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆயினும் சேரக்கூடாது. கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். அவர்களிலும் முதல் நன்மை (முதன்முறை நற்கருணை) வாங்கித் தகுந்த ஆயத்தத்தோடு இருப்பவர்களே பெறுவார்கள். அந்த நேரத்தில் இடத்திலேயே அமைதியாக இருந்தால் யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை.

வாசலருகே சிறு தொட்டியில் இருக்கும் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் இடுவது அவர்கள் வழக்கம். நீங்கள் செய்ய வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றலாம், மாலை வாங்கிச் சார்த்தலாம், காணிக்கை போடலாம். இவை எல்லோருக்கும் பொது. செருப்பைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் வழக்கம் வேறுபடுகிறது. வாசலில் மற்றவர்கள் கழற்றிவைத்திருந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பீடத்தின் தடுப்புக்கு அப்பால் ஏறக்கூடாது. ஒரு பக்கமாக மரக்கூண்டு போன்ற அமைப்பின் அருகே சிலர் வரிசையில் நின்றால் அது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு. அவர்கள் பேசுவது காதில் விழாத தொலைவில் விலகிப் போய்விடுவது நாகரிகம்.

உடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நம்மூர்க் கோவிலுக்கு உடுத்துவதுபோல் உடுத்தினால் போதும்.

தோமையார் சென்னைக்கு வந்தார் என்பதற்கு வரலாற்று ஆதாரம் உண்டா, அல்லது போர்ச்சுகீசியர் கட்டிய கதையா? வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அவருடைய உடல் இப்போதும் சாந்தோமில் இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டோ ஆவணமோ எதுவும் இல்லை. ஆகவே 'நிரூபிக்கப்பட்டது' என்று ஒருவர் சொன்னால் அது மிகை. ஆனால் 'போர்ச்சுகீசியர் கட்டிய கதை' என்பது அதைவிடப் பெரிய பிழை; ஏனென்றால் அவர்கள் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நம்பிக்கை இருந்தது.

தோமையார் இந்தியாவுக்குப் போனார் என்று கூறும் மிகப் பழைய எழுத்து, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சிரியாக் நூல். அதில் அவர் போய்ச் சேர்வது கொண்டோபாரஸ் என்ற மன்னனின் நாட்டுக்கு. அப்படி ஒரு மன்னனே இல்லை என்று பலர் நினைத்திருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், வடமேற்கு எல்லைப் பகுதியில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. இது அந்நூலுக்கு ஒரு வலு. எனினும் அந்த நாடு வடமேற்கில் இருந்ததே தவிர, மயிலாப்பூரில் அன்று என்பதையும் உங்கள் விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னகத்தைப் பொறுத்தவரை கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிவழி வந்த மரபே முதன்மையான சான்று.

மயிலாப்பூர்க் கல்லறைக்கு வெளிநாட்டார் குறிப்புகள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ, ஒரு சிற்றூரில் புனிதரின் உடல் இருப்பதையும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருவதையும், அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதையும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் மரணக் கதை நம் மலைக்கதையிலிருந்து வேறுபட்டது. தோமையார் மயில்கள் சூழ நின்று செபம் செய்துகொண்டிருந்தபோது, மயிலைக் குறிவைத்து வேடன் ஒருவன் எய்த அம்பு தவறி அவர்மேல் பாய்ந்ததாம். மயில் ஆர்க்கும் ஊரில் கேட்டெழுதிய கதை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஈட்டியா, அம்பா, பகையா, விபத்தா என்பதிலேயே மரபுகள் இரண்டாகப் பிரிகின்றன. பரங்கிமலைச் சிலுவையைச் செதுக்கியவர் தோமையாரே என்று பக்தர் நம்புவர். எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர் அதைப் பல நூற்றாண்டு பிந்தியது என்கின்றனர். இதேபோன்ற பஹ்லவிச் சிலுவை கோட்டயத்திலும் உண்டு. ஆக, போர்ச்சுகீசியருக்கு வெகுகாலம் முன்னரே பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர் இக்கரையில் வாழ்ந்து வழிபட்டனர் என்பதையாவது அந்தக் கல் ஐயமின்றிக் காட்டுகிறது.

உடலைப் பற்றிக் கேட்டீர்கள். புனிதரின் எலும்புகளில் பெரும்பகுதி 3ஆம் நூற்றாண்டிலேயே எடெஸ்ஸா நகருக்கும், பின்னர் கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுபோகப்பட்டதாகத் திருச்சபை மரபே கூறுகிறது. சாந்தோமில் இருப்பது கல்லறை. அதோடு ஒரு சிறு எலும்புத் துண்டும், அவரைக் குத்தியதாகக் கருதப்படும் ஈட்டி முனையும் அங்கே போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் எனப்படும் பன்னிரு சீடரின் கல்லறைமேல் எழுந்த கோவில்கள் உலகிலேயே மூன்றுதான், உரோமையின் புனித பேதுரு பேராலயம், ஸ்பெயினின் சந்தியாகோ, நம் சாந்தோம் என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் பெருமையோடு கூறும். மத்தேயுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சலேர்னோவும் அந்திரேயாவின் அமால்ஃபியும் இதைக் கேட்டால் வருந்தும். சாந்தோமின் சிறப்புக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். எந்தக் கோவிலுக்குப் போனாலும் கால்மணி நேரத்தில் 'போகலாம்' என்கிறார்கள். சாந்தோமில் அவர்களுக்கு எதைக் காட்டுவது?
– வாசகி, வேளச்சேரி

உள்ளே நுழையாமல் சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று தொடங்குங்கள். 155 அடி உயர வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவைத்துவிட்டு, 'இன்னொரு கோபுரம் இருக்கிறது, கண்டுபிடி' என்று சொல்லுங்கள். கோவிலின் நடுவில் எழும் சிறிய கோபுரம் கல்லறைக்கு நேர்மேலே இருக்கிறது. உள்ளே போனதும் அதற்கு நேர் கீழான இடம் எது என்று பிள்ளைகள் தாமே தேட ஆரம்பிப்பார்கள்.

உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். உயிர்த்த இயேசுவை நம்பாமல், காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். அந்தக் காட்சி கண்ணாடியில் இருக்கிறது. 'நம்பாமல் கேள்வி கேட்ட சாமி' என்று சொல்லிப்பாருங்கள், பத்து வயதுக்காரருக்கு அவரை உடனே பிடித்துப்போகும். சுவர்களில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் மரத்தில் செதுக்கிவைக்கப்பட்டுள்ளன. முதலாவதிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தால் கோவிலை ஒருமுறை சுற்றிவந்துவிடலாம். மயிலை மாதா என்று அழைக்கப்படும் மூன்றடி உயர அன்னையின் சுரூபம் 1543இல் போர்ச்சுகல்லிலிருந்து கடல் கடந்து வந்தது. எத்தனை மாதக் கப்பல் பயணம் என்று நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து கற்பனை செய்துகொள்ளலாம்.

பெரியவர்களாகிய உங்களுக்காக ஒரு செய்தி. நீங்கள் பார்க்கும் கட்டடம் போர்ச்சுகீசியர் கட்டியது அன்று. அவர்கள் 1523இல் எழுப்பிய கோவிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்துவிட்டு, புதுக் கோதிக் பாணியில் கட்டி 1896இல் திறந்துவைத்தார்கள். கட்டுவித்தவர் ரீட் ட சில்வா என்ற போர்ச்சுகீசிய ஆயர். வரைபடம் போட்டவர் பவர் என்ற ஆங்கிலேயப் படைப்பொறியாளர். ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் போர்ச்சுகீசிய ஆயர் எப்படி என்று கேட்பீர்கள். 1606இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்ச்சுகல் மன்னரின் ஞானாதரவில், அதாவது ஆயரை முன்மொழியும் உரிமை உட்பட்ட அவர் ஆதரவில், இருந்தது; இதே நகரில் சென்னை மறைமாவட்டம் தனியாக இயங்கியது. இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆனது 1952இல்தான். 1956இல் இக்கோவில், திருத்தந்தை அளிக்கும் சிறப்புத் தகுதியான பசிலிக்கா ஆயிற்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரியில் இங்கே வந்து செபித்தார்.

கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது. கோவிலுக்குப் பின்புறமாக, அருங்காட்சியகத்தின் வழியே தனிப் பாதையில் இறங்க வேண்டும். இது தெரியாமல் மேலே மட்டும் பார்த்துவிட்டு, 'கல்லறை பூட்டியிருந்தது' என்று சொல்லித் திரும்புகிறவர்கள் பலர். மேலே நடக்கும் திருமணமோ திருப்பலியோ கீழே செபிப்பவர்களைத் தொந்தரவு செய்யாது என்பது இந்த அமைப்பின் வசதி. ஆனால் பிள்ளைகளிடம் அங்கே குரலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். கண்ணீரோடு உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் ஓரிருவராவது இருப்பார்கள்.

கடைசியாகக் கடற்கரைப் பக்கம் நிற்கும் மரக்கம்பம். கடலிலிருந்து ஒதுங்கிய பெரிய மரத்தை அரசனின் யானைகளாலும் அசைக்க முடியாதபோது தோமையார் தம் இடைக்கச்சையால் கட்டி இழுத்தார் என்றும், கடல் இதைத் தாண்டாது என்று கம்பம் நட்டார் என்றும் கதை. 2004 சுனாமியின்போது தண்ணீர் அதைத் தாண்டிக் கோவிலுக்குள் வரவில்லை என்று பக்தர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். அதே கரையில் சற்றுத் தள்ளிச் சீனிவாசபுரத்தில் மீனவர் வீடுகளைக் கடல் கொண்டுபோனதையும் அந்த இடத்தில் நின்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். யானைக்கதை மட்டும் போதும் என்று நான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை இரண்டு பேருந்து மாறி ஒரு பழைய கோவிலுக்குப் போனோம். திருமணம் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். இது முறையா?
– வாசகர், பெரம்பூர்

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அது முதலில் மக்கள் தொழுகிற இடம்; பார்வையாளராகிய நமக்கு இரண்டாவது உரிமைதான். திருமணம், அடக்கத் திருப்பலி, ஞாயிறு காலைப் பூசைகள் ஆகிய நேரங்களில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். செவ்வாய் முதல் வெள்ளிவரை முற்பகல் பத்து மணிக்கு மேலோ பிற்பகலிலோ போனால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தொலைவிலிருந்து போகிறவர்கள் முதல்நாளே கோவிலை நிர்வகிக்கும் பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. அருங்காட்சியகம் போன்றவற்றின் நேரம் கோவிலின் நேரத்தோடு ஒத்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அதையும் சேர்த்துக் கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று இன்னும் மூன்று கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுக்கும் இதுவே பதில்: அலுவலகத்தில் கேளுங்கள், அனுமதி கிடைத்தாலும் திருப்பலி நேரத்தில் எடுக்காதீர்கள், செபிக்கிறவர் முகத்தை நோக்கிக் கைபேசியை நீட்டாதீர்கள்.

பாரிமுனைப் பக்கம் 'செயின்ட் மேரீஸ்' கோவிலுக்குப் போகச் சொன்னார்கள். விசாரித்தால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுகிறார்கள்.
– வாசகி, திருவொற்றியூர்

காட்டியவர்கள் எல்லோருமே சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் மரியாளின் பெயரால் மூன்று பழைய கோவில்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் 1680ஆம் ஆண்டுக் கோவில் ஆங்கிலிக்கன் மரபினது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் அங்கேதான் நடந்தது. ஆர்மேனியன் தெருவில் அகன்ற முற்றத்தோடு இருப்பது ஆர்மேனியரின் கோவில். 1772இல் இப்போதுள்ள வடிவில் கட்டப்பட்டது, அதுவும் கத்தோலிக்கக் கோவில் அன்று. நீங்கள் தேடுவது அதே தெருவில் இருக்கும் கத்தோலிக்க இணைப் பேராலயமாக இருக்க வேண்டும். கப்புச்சின் துறவியர் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தலம். 'அந்தோணியார் கோவில்' என்று கேளுங்கள், வழி தவறாது. செவ்வாய்க்கிழமை புனித அந்தோணியாருக்கு உகந்த நாள் என்பதால் அன்று கூட்டம் நெரியும். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாயைத் தவிருங்கள். கூட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்தான்.

ஆண்டில் எந்த நாளில் போவது சிறப்பு? திருவிழாவின்போது போகலாமா?
– வாசகர், அடையாறு

திருவிழாவைப் பார்ப்பதும் கோவிலைப் பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. தோமையாரின் திருநாள் ஜூலை 3. பழைய உரோமை நாட்காட்டியில் அது டிசம்பர் 21ஆக இருந்ததால், வீட்டில் பழைய செபப்புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். பரங்கிமலையில் டிசம்பர் 18 பெருநாள். மழை ஓய்ந்து காற்றில் குளிர்ச்சி ஏறும் அந்த நாட்களில் மலையேற்றம் சுகமாக இருக்கும். சின்னமலைத் திருவிழா உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் (ஈஸ்டருக்கு) பிந்திய வாரங்களில் வருகிறது.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தின் கடைசி இரு வாரங்களில் பல கோவில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். சிற்பங்களைப் பார்ப்பதற்காகப் போகிறவர் ஏமாற நேரலாம். பெரிய வெள்ளிக்கிழமை திருப்பலியே கிடையாது. அன்று நடப்பது நீண்ட இறைவார்த்தை வழிபாடும் சிலுவை ஆராதனையும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னையின் திருவிழா. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான், இருந்தாலும் கொடியேற்றத்தன்றும் தேர்பவனியன்றும் அந்தப் பக்கம் காரை எடுக்காதீர்கள்.

சாந்தோமைவிடப் பழைய கோவில் மயிலாப்பூரிலேயே இருக்கிறது என்கிறார் என் தோழி. உண்மையா? ஒரே மாலையில் இரண்டையும் பார்க்கலாமா?
– வாசகி, இராயப்பேட்டை

அவர் சொல்வது லஸ் கோவிலை. அங்குள்ள கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சாந்தோமில் போர்ச்சுகீசியர் கட்டிய 1523க்கு அது ஏழாண்டு முந்தியது. கடலில் திசை தவறிய போர்ச்சுகீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாகவும், அதைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் ஒளி மறைந்த இடத்தில் அன்னைக்குக் கோவில் எழுப்பியதாகவும் கூறுவர். 'லஸ்' என்பது போர்ச்சுகீசிய மொழியில் ஒளி. தினமும் லஸ் கார்னரில் பேருந்து ஏறுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் பிரகாச மாதா கோவில். அக்காலத்தில் சுற்றிலும் மரமடர்ந்து கிடந்ததால் 'காட்டுக்கோவில்' என்று இன்னொரு பெயரும் உண்டு; வயதானவர்களிடம் கேட்டால் இன்றும் அந்தப் பெயரில் வழி சொல்வார்கள். அன்னையின் விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15இல் இங்கே பெருவிழா.

ஒரே மாலையில் பார்க்கலாம். சாந்தோமில் கல்லறையை முடித்துக்கொண்டு, ஐந்தரை மணிவாக்கில் கச்சேரி சாலை வழியாக லஸ்ஸை நோக்கி நடங்கள். மெட்ரோ பணிகளுக்காகப் பாதை அங்கங்கே மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் அந்தத் தொலைவுக்கு ஆட்டோவைவிட நடைதான் விரைவு. சாந்தோமின் உயரத்தைப் பார்த்த கண்ணுக்கு லஸ் கோவில் மிகச் சிறியதாகத் தெரியும். அடர்ந்த வீடுகளுக்கு நடுவே இருப்பதால் தெருவிலிருந்து சட்டென்று புலப்படாது; வாசலைக் கடந்துபோய்விட்டுத் திரும்பி வருகிறவர்களே அதிகம். கையில் ஐந்தாறு மெழுகுவர்த்திகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.